விரைவும் விசையும்

தெருவில் தவிலோசை கேட்டதும் திண்ணையில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தை எழுந்து ஆடத் தொடங்குகிறது. ஆடுவதற்கு அதற்கு எவரும் கற்பித்ததில்லை. தவிலின் ஒலி விரைந்தால் குழந்தையின் கால்களும் விரைகின்றன. ஒலி ஓய்ந்தால் கால்களும் ஓய்கின்றன. நடக்கக் கற்ற சில திங்களிலேயே ஆடவும் கற்றுவிடுவது மக்களின் இயல்பு போலும்! ஆயினும், அக்குழந்தையின் ஆட்டத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அது தன் மகிழ்ச்சியை மட்டுமே ஆடுகிறது. மகிழ்ச்சி மிகுந்தால் விரைவாக ஆடுகிறது. இன்னும் மிகுந்தால் தரை அதிர மிதித்து ஆடுகிறது. விரைவும் விசையும் அதற்கு ஒன்றே. தயக்கத்தையோ துயரத்தையோ பெருமிதத்தையோ ஆடிக் காட்டுவதற்கு அதனிடம் வழி இல்லை.

ஆடல் கற்பிக்கும் ஆசிரியரின் பணி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. குழந்தையிடம் முன்பே உள்ள விரைவையும் விசையையும் தனித்தனியே பிரித்துக் காட்டி, வேண்டும்போது வேண்டும் அளவில் எடுத்தாளும் ஆற்றலை அதற்குத் தருவதே அப்பணி. சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயல் பல ஆண்டுகள் பிடிக்கக் கூடியது.

விரைவு என்பது காலத்தைப் பற்றியது. விசை என்பது வலிமையைப் பற்றியது. இரண்டும் சேர்ந்து வருதல் உண்டு. பிரிந்து வருதலும் உண்டு. திருவிழாவில் தேர் இழுக்கும் காட்சியைக் காண்க. நூற்றுக் கணக்கானோர் வடத்தைப் பற்றித் தம் முழு வலிமையையும் செலுத்துகின்றனர். தேரோ அங்குலம் அங்குலமாக நகர்கிறது. அங்கே விசை மிகுதி. விரைவு மிகக் குறைவு. பொற்கொல்லர் சிறு சுத்தியால் பொன் தகட்டைத் தட்டும் காட்சி இதற்கு நேர்மாறானது. கை படபடவென்று இயங்குகிறது. எனினும் ஒவ்வோர் அடியும் பூவிதழ் விழுவது போல் மெல்லியது. சற்று வலிந்து அடித்தால் தகடு கிழிந்துவிடும் அன்றோ? இரும்புக் கொல்லரின் சம்மட்டி ஓங்கி விழும்போது விரைவும் விசையும் ஒருங்கே நிற்கின்றன. காற்றில்லா மாலையில் இலவம் பஞ்சு மெல்ல மிதந்து இறங்கும்போது இரண்டும் இல்லை. உலகிலுள்ள அசைவுகளையெல்லாம் இவ்வாறு நோக்கப் பழகிய கண்ணே ஆடற்கலைக்கு உரிய கண் ஆகும்.

தமிழ்நாட்டில் வளர்ந்த பரதநாட்டியப் பயிற்சி, இவ்விரண்டனுள் விரைவைக் கற்பிக்கும் முறையைப் பெரிதும் செப்பம் செய்துள்ளது. உடல், கை, கால் ஆகியவை இயைந்து அமையும் அசைவின் சிறிய அலகிற்கு அடவு என்று பெயர். எழுத்துகள் கூடிச் சொல் ஆவது போல அடவுகள் கூடி ஆட்டம் ஆகின்றன. தட்டடவு, நாட்டடவு, தட்டிமெட்டடவு, குதித்துமெட்டடவு, சறுக்கலடவு, மண்டியடவு என அடவுகள் பலவகைப்படும். அவற்றின் பெயர்களே கால் செய்யும் தொழிலைக் கூறிவிடுகின்றன. உள்ளங்கால் முழுவதும் தரையில் படும்படி மிதித்தல் தட்டு. காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுதல் நாட்டு. முன்பாதத்தில் நின்று பின்னர்க் குதிகாலால் தரையை அடித்தல் மெட்டு. நல்ல தமிழ்ச் சொற்கள் இவை. அகராதியைத் தேடாமலே குழந்தைக்குப் பொருள் விளங்கும்.

புதிதாகச் சேர்ந்த மாணவியை ஆசிரியர் முதலில் அரைமண்டியில் நிற்கச் செய்கிறார். குதிகால்கள் அருகருகே இருக்க, பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப, முழங்கால்கள் வெளிப்புறமாக மடங்க, முதுகு நிமிர்ந்து நிற்கும் நிலை அது. பின்னர், ஆசிரியர் தட்டுமனையைத் தம்முன் வைத்துத் தட்டுக்கழியால் தாளம் தட்டித் ‘தையா தை’ எனச் சொற்கட்டுக் கூறுகிறார். சொல்லுக்கு ஒன்றாகக் கால்கள் தரையில் விழுகின்றன. இது முதற்காலம். அதே அடவு இரண்டாங்காலத்தில் இருமடங்கு விரைவாகவும், மூன்றாங்காலத்தில் நான்மடங்கு விரைவாகவும் ஆடப்பெறும். விளம்பம், மத்திமம், துரிதம் என்றும் இக்காலங்களைக் கூறுவர்.

இங்கே கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காலம் மாறும்போது ஆசிரியரின் தாளம் மாறுவதில்லை. தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு 2 விநாடி ஆகிறது என்று கொள்வோம். 8 எண்ணிக்கைக்கு 16 விநாடி ஆகும். முதற்காலத்தில் அந்த 16 விநாடிக்குள் 8 முறை கால் விழுந்தால், இரண்டாங்காலத்தில் 16 முறையும் மூன்றாங்காலத்தில் 32 முறையும் விழும். அளவுகோல் அசையாமல் நிற்கிறது. அதனுள் அடங்கும் அடிகளே பெருகுகின்றன. விரைவு என்பது பரபரப்பு அன்று என்பதைக் குழந்தை இதனால் உடம்பாலேயே உணர்ந்துகொள்கிறது. பரபரப்பு உண்டானால் மூன்றாங்கால அடி தாளத்திற்கு முன்னே ஓடிவிடும். உடனே தட்டுக்கழியின் ஓசை ஓரிடத்தும் காலின் ஓசை வேறோரிடத்துமாகக் கேட்கும். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் அது தெரிந்துவிடும்.

மூன்றாங்காலமே கடினம் என்று பலர் கருதுகின்றனர். பயிற்சி பெறும் சிறுவரைக் கேட்டால் அவர்களும் அவ்வாறே கூறுவர். மூன்றாங்காலத்தை விரைவில் எட்டிவிட வேண்டும் என்றே துடிப்பர். அனுபவம் வாய்ந்த ஆசிரியரோ முதற்காலத்திலேயே அவர்களை நெடுநாள் நிறுத்திவைப்பர். காரணம் இல்லாமல் இல்லை. விரைவாக ஆடும்போது சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்துவிடும். மெல்ல ஆடும்போது மறைவதற்கு இடமில்லை. கை நீளும் வழி, கண் செல்லும் திசை, இடுப்பு ஆடாமை ஆகிய எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். இரண்டு அடிகளுக்கு இடையிலுள்ள நீண்ட வெளியைக் குழந்தை எதனால் நிரப்புவது? அவ்வெளியில் உடல் சோம்பிக் கிடக்கவும் கூடாது. அடுத்த அடிக்கு முந்திக்கொள்ளவும் கூடாது. மெதுவாகச் செல்லும் மிதிவண்டியை விழாமல் ஓட்டுவதற்கு எவ்வளவு திறமை வேண்டும் என்பதை மிதிவண்டிப் பந்தயத்தில் கலந்துகொண்ட சிறுவர் அறிவர். முதற்கால அடவும் அத்தகையதே.

இனி, விசையைப் பற்றிக் காண்போம். அடவுப் பயிற்சியில் இது விரைவைப் போல மூன்று படிகளாக வகுத்துச் சொல்லப்படுவதில்லை. ஆசிரியர் வாயால் ‘நன்றாகத் தட்டு’ என்கிறார். சில வேளை ‘மெல்ல’ என்கிறார். குழந்தைகள் ‘நன்றாக’ என்பதற்கு ‘ஓசை மிக’ என்று பொருள் கொண்டுவிடுகின்றனர். இது ஒரு பொல்லாத தவறு. வலுவான அடி வேறு. ஓசையான அடி வேறு. முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு பாதத்தை அறைந்தால் ஓசை பெரிதாக எழும். ஆனால், அந்த அதிர்ச்சி கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகெலும்பு என ஏறிச் சென்று உடலை வருத்தும். அரைமண்டியில் முழங்கால் மடிந்திருக்கும்போது தசைகள் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. பாதம் தட்டையாக விழுந்து, தரை தந்த எதிர்விசையைக் கொண்டே மீண்டும் எழுகிறது. அத்தகைய அடியில் ஓசை தெளிவாக இருக்கும், கூச்சலாக இராது.

தரையும் இதில் பங்கு கொள்கிறது. கல்லும் சிமிட்டியும் பாவிய தளம் எள்ளளவும் நெகிழ்வதில்லை. அடியில் சட்டம் கொடுத்து அமைத்த மரத்தளமும், சாணம் மெழுகிய மண் தரையும் ஓரளவு இடம் கொடுக்கும். பல பள்ளிகளில் ஆடல் பழகுவதற்குச் சிமிட்டித் தளமே கிடைக்கிறது. அங்கே பத்து வயதுச் சிறுமியை நாள்தோறும் ஒரு மணி நேரம் முழு விசையோடு தட்டச் சொல்வது அவளுடைய முழங்காலைப் பணயம் வைப்பதாகும். ஓசையைக் கேட்டுப் பெற்றோர் மகிழலாம், எலும்பு மகிழாது. சலங்கையைத் தொடக்கத்திலேயே கட்டவிடாமல், அடவுகள் படிந்த பின்னரே சலங்கை அணிவிக்கும் பழைய வழக்கத்தில் அறிவு இருக்கிறது. சலங்கை இல்லாத கால், தன் அடி தரையில் எப்படி விழுகிறது என்பதைத் தானே கேட்கக் கற்கிறது.

விரைவும் விசையும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு. இயற்பியல் படித்தவர் அதனை எளிதில் விளக்குவர். ஒரு பாதத்தை ஒரு குறிப்பிட்ட உயரம் தூக்கி இறக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தால், உயரம் மாறாதவரையில், அதனை இயக்குவதற்கு வேண்டிய முடுக்கம் இருமடங்கு அன்று, நான்மடங்கு ஆகும். நேரத்தைக் கால்பங்காக்கினால் பதினாறு மடங்கு! ஆகவே, முதற்காலத்தில் தூக்கிய உயரத்திற்கே மூன்றாங்காலத்திலும் காலைத் தூக்க முயலும் குழந்தை விரைவில் களைத்துப்போகும். உடம்பு முன்னும் பின்னும் குலுங்கும், தோள் உயரும், முகம் இறுகும். தேர்ந்த ஆசிரியர், காலம் விரைய விரையக் காலின் உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கக் கற்பிக்கிறார். அடி சிறிதாகிறது; தெளிவு மட்டும் குறைவதில்லை. இடுப்புக்குமேல் உடல் விளக்குச் சுடர் போல அசைவற்று நிற்க, கீழே கால்கள் மழைத்துளிகளைப் போல விரைந்து விழுகின்றன. விரைவு மிகும்போது விசையைக் குறைத்தல் என்னும் இந்தக் கலையைக் கரக ஆட்டக்காரர் எந்த நூலும் படிக்காமலே அறிந்திருக்கின்றனர். தலையில் கரகம் நிற்க, அவர்களுடைய கால்கள் நையாண்டி மேளத்திற்கு ஏற்பப் பம்பரமாய்ச் சுழல்கின்றன. ஓர் அடி வலுத்துவிட்டால் கரகம் சாய்ந்துவிடும்.

நிறுத்தமும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றே. அடவுக் கோவையின் முடிவில் ஒரே தொடர் மும்முறை வந்து நிறைவுறும் பகுதியைத் தீர்மானம் என்பர். விரைந்து வந்த உடல் கடைசி அடியில் சட்டென்று சிலையாகி நிற்க வேண்டும். ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு விசை வேண்டுவது போல, ஆடும் உடலை நிறுத்துவதற்கும் விசை வேண்டும். ஆனால், அவ்விசை வெளியே தெரியக் கூடாது. சிறுவர் பெரும்பாலும் நின்ற பின்னும் ஒரு கணம் தள்ளாடுவர். அத்தள்ளாட்டம் நீங்கிய நாளே அவர்களுடைய விரைவு அவர்களுக்கு அடங்கிய நாள் ஆகும்.

இவை அனைத்தும் உடற்பயிற்சி அளவில் நின்றுவிட்டால் கலை பிறக்காது. விரைவும் விசையும் பொருளை உணர்த்தும் கருவிகளாக மாற வேண்டும். அதற்கு ஒரு சிறு சான்று காண்போம். ‘வா’ என்று கையால் அழைக்கும் அசைவை எடுத்துக்கொள்க. கையை முன்னே நீட்டி, விரல்களை உள்நோக்கி மடக்கும் அசைவே அது, வேறொன்றும் இல்லை. தாய் தன் தளர்நடைக் குழந்தையை அழைக்கும்போது அக்கை மெல்லவும் மென்மையாகவும் மடங்குகிறது. தலைவன் ஏவலனை அழைக்கும்போது அதே கை விரைவாகவும் வலுவாகவும் மடங்குகிறது. தோழியை மறைவில் அழைக்கும் பெண்ணின் கை விரைவாக அசைகிறது. ஆனால், வலிமை சிறிதும் இல்லை. அசைவும் சிறிதாகி மார்பருகே நின்றுவிடுகிறது. போர்க்களத்தில் பகைவனை அறைகூவி அழைக்கும் வீரனின் கையோ மிக மெதுவாக, ஆனால் மலையை இழுப்பது போன்ற வலிமையோடு மடங்குகிறது. கை ஒன்று, முத்திரை ஒன்று, பொருள் நான்கு. வேறுபாட்டைத் தந்தவை விரைவும் விசையுமே. வகுப்பில் ஒரு குழந்தையை இந்த நான்கனுள் ஒன்றைச் செய்யச் சொல்லி, அழைக்கப்பட்டவர் யார் என்று மற்றக் குழந்தைகளை ஊகிக்கச் சொன்னால், நீண்ட விளக்கங்கள் ஊட்டாத அறிவை அவ்விளையாட்டு ஊட்டிவிடும்.

நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. உள்ளத்தில் தோன்றியது உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. அவற்றுள் வெகுளியையும் பெருமிதத்தையும் குழந்தைகள் எப்போதும் ஒன்றாக்கிவிடுவர். பள்ளி விழாக்களில் இதனை எளிதில் காணலாம். கட்டபொம்மனாக வரும் சிறுவன் மீசையை முறுக்கிக்கொண்டு தடதடவென்று அரங்கில் அங்குமிங்கும் நடப்பான். கையை வெடுக்கென்று ஓங்குவான். அது சினம், பெருமிதம் அன்று. பெருமிதம் உடையவனுக்கு விரைய வேண்டிய தேவை என்ன? தன் வலிமையில் ஐயம் இல்லாதவன் மெல்லத்தான் திரும்புவான். அடியை நிறுத்தி எடுத்து வைப்பான். அச்சிறுவனிடம், ‘உன் நடையைப் பாதி விரைவாக்கு, ஒவ்வோர் அடியையும் இருமடங்கு கனமாக்கு’ என்று ஆசிரியர் கூறினால் போதும். மீசையை முறுக்காமலே அவன் வீரனாகிவிடுவான். அச்சத்தை ஆடும் குழந்தைகள் ஓடிவிடுகின்றனர். உண்மையான அச்சத்தில் முதலில் வருவது ஓட்டம் அன்று, உறைந்து நிற்றலே ஆகும். துயரத்திலோ கை எழும்பும்போதே கனத்துத் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. விசை இல்லாத கனம் அது. இந்நுட்பத்தை ஆடிக் காட்டுதல் சிறுவர்க்கு மிக அரிது; அதனைக் கண்டு கற்றற்குரிய ஆசிரியர் வாய்த்தல் வேண்டும்.

இத்தகைய ஆசிரியர் மரபு நம் நாட்டில் தொன்மையானது. மாதவி 7 ஆண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, 12ஆம் வயதில் சோழன் அவையில் அரங்கேறியதைச் சிலப்பதிகாரம் உரைக்கிறது. அவளை உருவாக்கியவர் ஒருவர் அல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று பலருடைய இலக்கணத்தை இளங்கோவடிகள் வகுத்துக் கூறுகிறார். அவள் ஆடிய பதினோராடல்களை நினைத்துப் பார்க்கும்போது, விரைவையும் விசையையும் அவள் எவ்வளவு ஆண்டிருக்க வேண்டும் என்பது விளங்கும். அவற்றுள் ஒன்றாகிய மல்லாடல், கண்ணன் மல்லனாகி வாணனை வென்றது. மற்றொன்றாகிய பாவையாடல், திருமகள் பாவை வடிவுகொண்டு அவுணரை மயக்கியது. மரக்காலாடலோ, வஞ்சம் பொறாத கொற்றவை மரக்காலின்மேல் நின்று ஆடியது. மல்லனின் விசை வேறு. பாவையின் மென்மை வேறு. மரக்காலின்மேல் நிற்பவள் காட்ட வேண்டிய அடக்கம் முற்றிலும் வேறு. இவற்றையெல்லாம் ஓர் இளம்பெண்ணின் உடல் அடுத்தடுத்துக் காட்டியது.

அண்மைக் காலத்தில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கந்தப்ப பிள்ளை போன்ற நட்டுவனார்கள் இப்பயிற்சியைக் காத்து வந்தனர். 1869 முதல் 1954 வரை வாழ்ந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவருள் ருக்மிணிதேவியும் ஒருவர்; அவர் 1936ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் கலாட்சேத்திரம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். கந்தப்ப பிள்ளையின் மாணவியாகிய பாலசரசுவதி 1925ஆம் ஆண்டில், 7 வயதுச் சிறுமியாகக் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். பிற்காலத்தில் அவர் பதங்களுக்கு அபிநயம் பிடிக்கும்போது விளம்பகாலத்தில், மிகச் சிறிய அசைவுகளாலேயே பெரிய உணர்ச்சிகளைக் காட்டிப் புகழ்பெற்றார்.

விரைவு வேறு, விசை வேறு என்னும் இவ்வுண்மையை மேலை நாட்டில் வேறொரு வழியாக ஆராய்ந்து, பள்ளிச் சிறுவர்க்குப் பாடமாக்கியவர் ருடால்ப் லாபன். அவர் 1879ஆம் ஆண்டில், அந்நாளில் அங்கேரி நாட்டைச் சார்ந்திருந்த பிராட்டிசுலாவா நகரில் பிறந்தார். செர்மனியில் ஆடல் ஆசிரியராகப் பெரும்புகழ் பெற்றார். நாட்சி அரசின்கீழும் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1936ஆம் ஆண்டில், பெர்லின் ஒலிம்பிக் விழாவை ஒட்டி அவர் அமைத்த பெருங்குழு ஆடலை அவ்வரசு தடுத்துவிட்டது. வாழ்விழந்த அவர் 1938ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, ஆடலரங்கிற்கு மாறாகத் தொழிற்சாலைகளே அவருடைய ஆராய்ச்சிக் களமாயின. ஆடவர் போர்க்களம் சென்றமையால் பெண்கள் கனமான வேலைகளைச் செய்ய நேர்ந்தது. லாபன் அவர்களுடைய அசைவுகளை உற்று நோக்கினார். வலிமையை இடைவிடாது செலுத்துவோர் களைத்துப்போவதையும், இறுக்கத்தையும் தளர்ச்சியையும் மாற்றி மாற்றி ஒரு தாளத்தில் அமைத்துக்கொள்வோர் எளிதில் களைக்காமையையும் கண்டார். இதனைப் பற்றி லாரன்சு என்பவரோடு சேர்ந்து 1947ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார்.

ஓர் அசைவைப் பற்றி லாபன் மூன்று வினாக்களை எழுப்பினார். அது வலியதா, மெல்லியதா? திடீரென நிகழ்வதா, நீடித்து நிகழ்வதா? நேரே செல்வதா, வளைந்து செல்வதா? மூன்று வினாக்களுக்கும் இவ்விரண்டு விடை. பெருக்கிப் பார்த்தால் எட்டு வகை அசைவுகள் கிடைக்கும். வலிதாய், நீடித்து, நேரே செல்வது அழுத்துதல். அதுவே திடீரென நிகழ்ந்தால் குத்துதல். வளைந்தும் நீடித்தும் வலியதாய் நிகழ்ந்தால் முறுக்கிப் பிழிதல். மெல்லியதாய், திடீரென, நேரே செல்வது விரல்நுனியால் தட்டுதல். மெல்லியதாய், நீடித்து, வளைந்து செல்வது மிதத்தல். வழுக்கிச் செல்லுதல், சுண்டுதல், வீசி அடித்தல் என்பன எஞ்சியவை. வீட்டிலும் வயலிலும் நாள்தோறும் நிகழும் செயல்கள் தாமே இவை! ஈரத்துணியைப் பிழிந்த குழந்தைக்கு முறுக்குதல் தெரியும். அடைமாவைத் தட்டிய குழந்தைக்குத் தட்டுதல் தெரியும்.

1948ஆம் ஆண்டில் லாபன் கல்விக்கு உரிய ஆடலைப் பற்றி எழுதிய நூல் இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. 1958ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை ஆசிரியர் பலர் அவரிடமும் அவருடைய துணைவராகிய லீசா உல்மனிடமும் பயின்றனர். அவருடைய முறையில் குழந்தைக்கு முன்னே ஆசிரியர் ஆடிக் காட்ட, அது பின்பற்றி ஆடுவதில்லை. ‘பாறையைத் தள்ளுவது போல் அறையைக் கடந்து செல், திரும்பி வரும்போது சிலந்தி இழையை அறுக்காமல் வா’ என்பது போன்ற பணியைக் கொடுத்தால் குழந்தையே தன் அசைவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். நம் அடவு முறை வடிவத்தை முதலில் தந்து, அதனுள் விரைவைப் புகட்டுகிறது. லாபனின் முறை விரைவையும் விசையையும் முதலில் தந்து, வடிவத்தைக் குழந்தையின் பொறுப்பில் விடுகிறது. முன்னதில் செம்மை மிகுதி. ஆனால், பொருளுணர்ச்சி பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. பின்னதில் உணர்ச்சி முதல் நாளே வந்துவிடுகிறது. எனினும், கட்டுப்பாடு இல்லாத வகுப்பில் அது வெறும் ஓட்டமும் உருளலுமாய்ப் போவதும் உண்டு. ஒன்றுக்கு மற்றொன்று பகை அன்று. அடவு கற்கும் குழந்தை வாரம் ஒருநாள் பாறையைத் தள்ளிப் பார்ப்பதால் அதன் அரைமண்டி கெட்டுவிடாது.

பரதநாட்டிய ஆசிரியரோ மரத்தளமோ இல்லாத சிற்றூர்ப் பள்ளியிலும் இப்பாடத்தைக் கற்பிப்பதற்கு உரிய ஆடல்கள் உள்ளன. கும்மி மெல்லத் தொடங்கி விரைந்து முடிவது. வட்டத்திலுள்ள அனைவரும் ஒரே அளவாய் விரைந்தால்தான் கைதட்டும் ஓசை ஒன்றாய் ஒலிக்கும். ஒருத்தி முந்தினாலும் ஓசை சிதறும். கோலாட்டம் இன்னும் நல்ல ஆசிரியர். எதிரே நிற்பவரின் கோலோடு தன் கோலை மோத வேண்டும். மெதுவாக மோதினால் ஓசை எழாது; ஓங்கி மோதினால் எதிரிலிருப்பவரின் கை வலிக்கும், கோல் தெறித்து விழும். எவ்வளவு விசை வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவரின் முகமே சொல்லிவிடும். வலிமை மிக்க சிறுவனும் மெலிந்த சிறுமியும் இணையாக நிற்கும்போது, அவன் தன் வலியைக் குறைத்துக்கொள்கிறான். அவள் தன் வலியைக் கூட்டிக்கொள்கிறாள். சில சுற்றுகளுக்குள் இரு கோல்களும் ஒரே குரலில் பேசத் தொடங்குகின்றன.

பின்னல் கோலாட்டத்தில் கோலோடு கயிறும் சேர்கிறது. உயரத்தில் ஒரே இடத்தில் கட்டிய பல நிறக் கயிறுகளின் மறுநுனிகளை ஆளுக்கொன்றாய்ப் பற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் உள்ளும் புறமுமாய்க் கடந்து ஆடுவர். ஆட ஆட மேலே பின்னல் உருவாகி இறங்கும். ஒரு குழந்தை விரைந்தால் அதன் கயிறு தளர்ந்து தொங்கும்; பின்தங்கினால் அடுத்த குழந்தையின் வழி அடைபடும். கயிற்றை வலிந்து இழுத்தால் பின்னல் ஒருபக்கம் கோணும். மேலே தொங்கும் பின்னலைப் பார்த்தே, எந்த நிறக் கயிற்றைப் பிடித்தவர் எந்த இடத்தில் பிழை செய்தார் என்று ஆசிரியர் கூறிவிடலாம். பின்னல் முழுதும் முடிந்ததும் குழந்தைகள் திரும்பி, வந்த வழியே எதிர்த்திசையில் ஆடத் தொடங்குகின்றனர். முன்னே எத்தனை அடியில் கடந்தனரோ அத்தனை அடியில், அதே தாளத்தில், கோல்கள் ஒலிக்கப் பின்னல் சிறிது சிறிதாக அவிழ்கிறது. இறுதியில் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் அதனதன் கயிறு சிக்கலின்றித் தனியே நிற்கிறது.